மே மாதத்து மத்தியானச் சோறு: சேலத்தில் உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கோடைச் சாப்பாடு போட ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டும்போது சத்துணவுக்கூட அடுப்பும் சேர்ந்தே அணைந்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளி நாளுக்கு மட்டும்தான். ஆக, அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு லீவு விட்ட மறுநாளே இரண்டு வேளைச் சாப்பாடு நின்றுபோகிறது. அப்பா அம்மா இருவரும் தறிக்கோ கொலுசுப் பட்டறைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டால், காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சோறு 40 டிகிரி வெயிலில் மத்தியானத்துக்குள் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதனால் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பத்து ரூபாயோடு பெட்டிக்கடைக்குப் போய் சிப்ஸ், ஐஸ், தட்டுவடை செட் என்று வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது சட்டை தொளதொளத்துப் போய் வருகிற பிள்ளைகளை ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள்.

அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மூன்று கோடையாக இந்தச் சாப்பாட்டைப் போடுகிறோம். போன வருஷம் ஏற்காட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மலைக் கிராமத்திலும் இதைத் தொடங்க உதவினோம். செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன். கணக்கெல்லாம் 40 பிள்ளைகளுக்குப் போட்டது. உங்களுக்கு 20 என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். முதல் வருஷத்திலேயே நூறு பேருக்குப் போகாதீர்கள்.

முதலில், ஏற்கெனவே என்ன இருக்கிறது?

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்புவரை இலவச மதிய உணவை உரிமையாகத் தருகிறது. ஆனால் "பள்ளி விடுமுறை நாட்கள் தவிர" என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2016-இல் இன்னொரு வழக்கிலும் அதையே சொன்னது. அது வறட்சி அறிவித்த வருஷங்களுக்கான ஏற்பாடு. சாதாரண மே மாதத்துக்கு அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது. கோடையில் அங்கேயும் சில நாள் விடுமுறை விடுவார்கள். எந்தத் தேதியில், அந்த நாட்களுக்கு என்ன தருகிறார்கள் என்று உங்கள் அங்கன்வாடி டீச்சரிடமே கேளுங்கள். எந்த வீட்டில் எத்தனை குழந்தை என்பது தெருவிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பஸ் ரோட்டைத் தாண்டித் தனியாகப் போய் காசு கொடுத்துச் சாப்பிட்டு வரும் என்று எதிர்பார்க்க முடியுமா? அன்னதானத் திட்டம் உள்ள கோயில் பக்கத்தில் இருந்தால் அங்கே போகிற பிள்ளைகளும் சிலர் உண்டு. அவர்கள் அங்கேயே போகட்டும், போட்டி வேண்டாம்.

எத்தனை பேர்? கேட்கக் கூடாத கேள்வி ஒன்று

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு 1968-இல் சோதனையாகத் தொடங்கி, 1975-இல் தனித் திட்டமாக்கிய கோடை உணவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பூங்கா, நூலகம், தேவாலயம், பள்ளி என்று அக்கம்பக்கத்து இடங்களிலேயே சாப்பாடு தருவார்கள். 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள எந்தப் பிள்ளையும் வரலாம். எல்லோருக்கும் திறந்த இடங்களில் பதிவு கிடையாது, குடும்ப வருமானம் என்ன என்ற கேள்வியும் கிடையாது. தட்டுக்கு இவ்வளவு என்று நடத்துகிறவர்களுக்கு அரசாங்கமே பணம் தந்துவிடும். அந்த வசதி நமக்கு இல்லை. ஆனால் அந்தக் கேட்காமல் விடுகிற பழக்கத்தை எடுத்துக்கொண்டோம்.

முதல் வருஷம் நாங்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல கஷ்டமா இருக்குதுங்களா, பிள்ளைய அனுப்பறீங்களா?" என்று கேட்டோம். 16 பெயர் சேர்ந்தது. கஷ்டம் என்று எவர் ஒப்புக்கொள்வார்? அடுத்த வருஷம் கேள்வியை விட்டுவிட்டோம். "மே மாசம் பூரா நம்ம தெருப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து சாப்பிடறாங்க, உங்க பிள்ளையையும் அனுப்புங்க" என்று மட்டும் சொன்னோம். எங்கள் நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் அதே பந்தியில் முதல் நாளே உட்கார வைத்தோம். 38 பேர் வந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை நான்கு பேர் கூடுதலாகச் சாப்பிட்டால் செலவு நாளுக்கு நூறு ரூபாய்கூட ஏறாது. மற்றப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து வர அந்த நூறு ரூபாய் போதும்.

எண்ணிக்கை வேண்டும்தான், சமைக்க வேண்டுமே. அதற்கு வயது மட்டும் தெரிந்தால் போதும்: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு எத்தனை, அதற்கு மேல் எத்தனை. முதல் மூன்று நாள் தட்டு எண்ணினால் அளவு பிடிபட்டுவிடும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். நம் ஊரில் லீவு என்றால் பல பிள்ளைகள் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுவார்கள், கொலுசுக்கு மணி கோர்ப்பார்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம். ஆனால் சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் உதவுவதற்கு 2016 திருத்தம் இடம் விட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒரே பந்தியில் வந்து சேர மாட்டார்கள், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு ஓடிவருவார்கள். அவர்களுக்கு என்று ஐந்து தட்டுச் சோறு மூடி வைத்திருக்க வேண்டும். இதை இரண்டாம் வருஷம்தான் கற்றுக்கொண்டோம். அதற்கு முந்திய வருஷம் சட்டி காலியான பிறகு வந்து நின்ற ஒரு பையன் மறுநாளிலிருந்து வரவேயில்லை.

இடம்

நிழல், தண்ணீர், கழிப்பறை, நடந்து வருகிற தூரம். இந்த நான்கும் இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், சங்கக் கட்டடம், பூட்டிக் கிடக்கிற பள்ளியின் வராந்தா என எதுவும் ஆகும். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் கேளுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தயங்காமல் உள்ளே வருகிற இடமாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு மண்டபம் இருந்தது. பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான்.

பத்து நிமிஷ நடைக்கு மேல் இருந்தால் வரமாட்டார்கள். மே மாதத் தார் ரோட்டில் செருப்பில்லாத பிள்ளைக்குப் பத்து நிமிஷமே அதிகம்.

சமையல் நடக்கிற இடமும் சாப்பிடுகிற இடமும் தனித்தனியாக இருக்கட்டும். கூரைக் கொட்டகையில் அடுப்பு வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்திலிருந்து கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். ஓடு, சிமெண்ட் ஷீட், கான்கிரீட் எதுவானாலும் சரி. அடுப்பிலிருந்து இருபதடி தள்ளிப் பிள்ளைகள், நடுவே ஒரு தடுப்பு, பக்கத்தில் இரண்டு வாளி மணல். வீட்டுச் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டாமல் 19 கிலோ வணிகச் சிலிண்டரை எடுங்கள்.

அனுமதி, பதிவு

இது சின்ன வேலைதான், ஆனால் தள்ளிப் போடுவார்கள். சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு இருக்கிறது. சமய, சமூக நிகழ்ச்சிகளில் உணவு வழங்குகிறவர்களும் இதில்தான் வருவார்கள். கட்டணம் சொற்பம்தான். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான ஃபாஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் ஒரு போட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்று போட்டு விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்தில் விசாரித்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் போட்டுவிட்டால் நிம்மதி. இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். பதிவு எண் இருந்தால் நன்கொடை தருகிறவருக்கு நம்பிக்கை வரும், உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பார்த்துச் சொல்கிற யோசனையும் இலவசம்.

சேலம் மாநகராட்சிக்குள் என்றால் உங்கள் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று மண்டலம் நான்கு. குப்பை வண்டியும் தண்ணீரும் அங்கிருந்துதான் வர வேண்டும். கிராமத்தில் ஊராட்சி அலுவலகம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

சமைக்கிறவர்

எல்லோரும் முறைபோட்டுச் சமைத்துவிடலாம் என்று ஆரம்பித்தால் பத்தாவது நாளில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். சொந்த அனுபவம். கல்யாணச் சமையலுக்குப் போகிற ஒரு அக்காவைக் கூலி பேசி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் முகூர்த்தக் காலம், அவருக்கு வேலை இருக்கும், அதனால் மார்ச்சிலேயே சொல்லிவைக்க வேண்டும். இலவசச் சாப்பாடுதானே என்று அவரையும் சும்மா சமைக்கச் சொல்லாதீர்கள். நறுக்க, பரிமாற, கழுவ நாம் முறை வைத்துக்கொள்ளலாம்.

முதல் கோடையில் ஒரு வீட்டிலிருந்து "சமைக்கிறது யாருங்க?" என்று கேட்டு, பதில் தெரிந்ததும் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வாதாடவும் இல்லை, ஆளை மாற்றவும் இல்லை. பதினோராவது நாள் பிள்ளை தானாகவே வந்து பந்தியில் உட்கார்ந்தது. முட்டை நாள் அது.

சமைக்கிறவருக்குக் கையில் புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்குக் கூலியோடு லீவு. கூலி பிடித்தால் சொல்லாமல் வந்து சமைப்பார், பிறகு நாம்தான் அனுபவிக்க வேண்டும்.

என்ன போடுவது, எவ்வளவு போடுவது

அளவுக்கு மதிய உணவுத் திட்ட விதியையே வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புவரை ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5. ஆறு முதல் எட்டுவரை 150, 30, 75, ஏழரை. முதல் அளவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், இரண்டாவதில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. கலோரி சுலபமாக வந்துவிடும். புரதத்தில்தான் இழுபறி: 100 கிராம் அரிசியில் ஏழு கிராம் போல, 20 கிராம் பருப்பில் நாலரை. விளிம்பில் நிற்கிறது. ஒரு முட்டை சேர்ந்தால் இன்னொரு ஆறு கிராம் வந்து தாராளமாகிவிடும். அதனால் பணம் இறுக்கமாக இருந்தால் பாயசத்தையும் அப்பளத்தையும் வெட்டுங்கள், முட்டையில் கை வைக்காதீர்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, நமக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழத்தோடு கூடுதலாக ஒரு கரண்டி சுண்டல்.

25 சிறியவர், 15 பெரியவர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, காய் இரண்டரைக் கிலோ, எண்ணெய் கால் லிட்டர், முட்டை போடுகிற நாளில் முட்டை 40.

எங்கள் மெனு எளிமையானது. திங்கட்கிழமை அரிசிம்பருப்பு சாதம். கொங்கு நாட்டில் இதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரே சட்டிச் சமையல் எனக்குத் தெரியாது. ஐந்து கிலோ அரிசிக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, முடிந்தால் ஒன்றரை. சின்ன வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ, மஞ்சள்தூள், சீரகம், கடுகு, கறிவேப்பிலை, கொஞ்சமாக மிளகாய். தாளித்து வதக்கி, சுமார் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதித்த பிறகு, ஊறவைத்த அரிசியும் பருப்பும். 40 லிட்டர் அண்டா வேண்டும், சின்னதில் போட்டால் அடி பிடிக்கும். கல்யாணச் சமையல் கையோடு வருகிற அக்கா காரத்தை அள்ளிப் போடுவார், முதல் நாள் பக்கத்தில் நின்று பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் காரம் அதிகமானால் ஒன்றாம் வகுப்புக் கூட்டம் மறுநாள் வராது.

செவ்வாய் சோறும் தட்டைப்பயிறு கத்திரிக்காய்க் குழம்பும் முட்டையும். புதன் தக்காளி சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல். வியாழன் முருங்கைக்கீரை போட்ட சாம்பார் சோறு, முட்டை. வெள்ளி காய்கறி சாதம், முட்டை, கூடவே ஒரு துண்டு மாம்பழம். சேலத்தில் மே மாதம் மாம்பழம் இல்லாமல் ஒரு சாப்பாடா? மல்கோவாவுக்கு ஆசைப்பட வேண்டாம், மலிவாகக் கிடைக்கிற பெங்களூராவை நறுக்கி உப்பு தூவிக் கொடுத்தால் போதும், சண்டை போட்டுக்கொண்டு தின்பார்கள். தினமும் ஒரு டம்ளர் நீர்மோர்: இரண்டு லிட்டர் தயிருக்கு ஆறு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். தேங்காய்ச் சட்னி வெயிலில் முதலில் கெடுவது, அதைத் தொடாதீர்கள்.

காய் வாங்க உழவர் சந்தைக்கு விடியலில் போகலாம். விலை குறைய வேண்டும் என்றால் முடிகிற நேரத்தில் போங்கள், அரைக்கூடை காயை அப்படியே தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அரிசி, பருப்பு, புளியை ஒரு மாதத்துக்குச் சேர்த்து செவ்வாய்ப்பேட்டையில் எடுத்தால் சில்லறைக் கடையைவிட நல்ல மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு ஒரு படி ரேஷன் அரிசி கொடுங்கள் என்று கேட்டுச் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் மூட்டையாக ரேஷன் அரிசி ஒரு இடத்தில் இருந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். பொது விநியோகப் பொருளை வாங்குவதும் விற்பதும் குற்றம், நீங்கள் வாங்கவில்லை என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கடை அரிசியே எடுங்கள்.

பணம்

முட்டை போடுகிற ஒரு நாளுக்கான எங்கள் தோராயக் கணக்கு இது, விலையை உங்கள் கடையில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அரிசி 250, பருப்பு 130, காய் 100, எண்ணெய் 40, முட்டை 240, மசாலாவும் தயிரும் 160, எரிவாயு 100. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். சமையல் கூலி 500 சேர்த்தால் 1,500-ஐ ஒட்டி வரும். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம் என்றால் 25 நாள், 37,500 ரூபாய். அதில் பாதியாவது கையில் வராமல் தொடங்காதீர்கள். நின்று நின்று போடுவதைவிட, மூன்று வாரம்தான் என்று முதலிலேயே சொல்லி மூன்று வாரமும் தவறாமல் போடலாம். பிள்ளைகள் ஒருநாள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுநாள் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

மொத்தத் தொகையாகக் கேட்காமல் "ஒரு நாள் சாப்பாடு 1,500" என்று நாளாகப் பிரித்துக் கேட்டபோது சுலபமாகச் சேர்ந்தது. யு.பி.ஐ. யில் வாங்குவதானால் ஒருவர் சொந்தக் கணக்கில் வாங்க வேண்டாம். இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு, வரவு செலவை எழுதி மண்டபச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். சந்தேகம் கேட்கிறவர் வந்து படித்துக்கொள்ளட்டும்.

சமைத்த சாப்பாட்டைத் தானமாக வாங்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணியை மூன்று மணிக்குப் போன் போட்டு, "வந்து எடுத்துக்கறீங்களா?" என்பார்கள். எப்போது இறக்கியது என்று அவர்களுக்கே தெரியாது. அரிசியாக, பருப்பாக, எண்ணெயாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இரண்டாம் வருஷம் ஒரு நன்கொடையாளர் பேனரோடு வந்தார். பிள்ளைகளைத் தட்டேந்தி வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், அன்று சாயங்காலமே அது வாட்ஸப்பில் சுற்றியது. மறுநாள் பதினொரு பிள்ளைகள் வரவில்லை. எல்லாம் ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் நான்கு பேர்தான் திரும்பினார்கள். இப்போது விதி: பிள்ளை முகம் தெரிகிற படம் யாருக்கும் கிடையாது. அண்டாவைப் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

பாத்திரம், தண்ணீர்

சமையல் பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கும். தட்டும் டம்ளரும் எவர்சில்வரில் சொந்தமாக வாங்குங்கள், வருஷாவருஷம் உதவும். வீட்டிலிருந்து தட்டு கொண்டுவரச் சொன்னால் யார் வீட்டுத் தட்டு எப்படி என்பதில் ஒரு போட்டி வந்துவிடுகிறது.

சமைக்க, குடிக்க, கைகழுவ, பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்து 40 பிள்ளைகளுக்கு 200 லிட்டராவது வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் வராத நாளும் உண்டு, முந்தின நாளே பிடித்து வைக்க வேண்டும். இங்கேதான் ஜாக்கிரதை. நம் ஊரில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு என்ன இருந்தது? சாயப்பட்டறை ரசாயனமாக இருக்கலாம். கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். 2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரன் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. கும்பகோணத் தீயும் அதே ஜூலை 16 தான். எண்ணெய் முத்திரை உடையாத பாக்கெட்டில், தண்ணீர் புதிதாக வாங்கிய டிரம்மில். இதில் சிக்கனம் கிடையாது.

ஒரு நாள் எப்படிப் போகும்

எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பாடு என்றுதான் முதலில் நினைப்போம். நாங்கள் பதினொன்றரைக்கு மாற்றினோம். காலை உணவும் நின்றுபோன பிள்ளை ஒரு மணிவரை தாங்காது, நடுவில் கடைக்குப் போய்விடும். உச்சி வெயிலுக்கு முன்பே வீடு திரும்பிவிடலாம் என்பதும் ஒரு வசதி.

காலை எட்டுக்குக் காய் நறுக்கல், எட்டரைக்கு அடுப்பு. பத்தேமுக்காலுக்குள் இறக்கிவிட வேண்டும். பதினொரு மணிக்குப் பெரியவர் இருவர் சாப்பிட்டுப் பார்ப்பது. சத்துணவு மையங்களில் இருக்கிற பழக்கம்தான், ருசிக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதோடு ஒரு சின்ன டப்பாவில் அன்றைய சாப்பாட்டை எடுத்து, தேதி எழுதி, ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். ஏதாவது ஆனால் எதனால் என்று கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.

பதினொன்றேகாலுக்குக் கைகழுவல். சோப்பு இருந்தால்தான் கணக்கு, வெறும் தண்ணீர் கணக்கில் சேராது. சின்னப் பிள்ளைகள் முதல் பந்தி. இரண்டு பெரியவர்கள் எப்போதும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும், தனியாக ஒருவர் மட்டும் இருக்கிற நிலை வரக் கூடாது. தட்டில் கொஞ்சமாக வைத்து மறுசோறு கேட்க வையுங்கள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சாமி?" என்று கேட்டுக்கொண்டே போக ஒரு ஆள் இருந்தால் கூச்சப்படுகிற பிள்ளையும் வயிறு நிறையச் சாப்பிடும்.

இறக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் பரிமாறாதீர்கள். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போதுதான் கிருமி பெருகும், மறுபடி சூடாக்கினாலும் சில கிருமிகள் விட்ட நச்சு போகாது. தாமதமாக வருகிறவர்களுக்கான ஐந்து தட்டை ஹாட்பாக்ஸில் கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடுங்கள், மூடியை நடுநடுவே திறக்காதீர்கள். ஒரு மணிக்கு மேல் மிச்சத்தை வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கவும் வேண்டாம். கேட்பார்கள், மனது கேட்காது. மிச்சமே வராமல் அளவைச் சரிசெய்வதுதான் வழி.

இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் பரிமாறுவதை அங்கேயே நிறுத்துங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், மற்ற வீடுகளுக்கும் தகவல் சொல்லுங்கள். மறைக்கப் பார்க்காதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்து எப்போதும் கையில் இருக்கட்டும். வெயிலில் மயங்கி வருகிற பிள்ளைக்கும் அதுதான் வேண்டும்.

சாப்பிடும்போது பிள்ளைகள் எல்லாம் பேசுவார்கள். வீட்டில் அடிக்கிறார்கள், எங்கேயோ வேலைக்குப் போகச் சொல்கிறார்கள் என்று ஏதாவது காதில் விழுந்தால் நீங்களே பஞ்சாயத்துப் பண்ணப் போகாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

மலைமேல் என்றால்

ஏற்காட்டில் மே மாதம் சீசன். கோடை விழா, கடை, லாட்ஜ் என்று பெரியவர்களுக்கு வேலை கிடைக்கிற மாதம் அது. அதனாலேயே மலைக் கிராமத்திலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளிலும் பிள்ளைகள் தனியாக இருப்பார்கள். வெயில் பிரச்சனை இல்லை, தூரம்தான் பிரச்சனை.

சேலத்தில் சமைத்து மேலே ஏற்றிவிடலாம் என்று போன வருஷம் முதல் இரண்டு நாள் செய்து பார்த்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு, விழாக் கூட்டம், போதாக்குறைக்கு வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் சாம்பார் பாதி வண்டியில் கொட்டியிருந்தது, மீதி புளித்திருந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அரிசி பருப்பை மட்டும் கொண்டுபோய் அங்கேயே ஒரு அம்மாவிடம் கேட்டோம். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே கண்ணு" என்று அவர் சிரித்தார். மலையில் சமைக்க அங்கேயே ஆள் பிடியுங்கள். சாமையும் ராகியும் அவர்கள் கைக்குப் பழகியது, வாரத்தில் இரண்டு நாள் அரிசிக்குப் பதில் அதைப் போடலாம். பலாப்பழம் மரத்திலேயே கிடைக்கும்.

உயரத்தில் பருப்பு வேக நேரம் எடுக்கும், இரவே ஊறவைக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கோடை மழை இறங்கும், காட்டு மாடு நடமாட்டமும் உண்டு. அதனால் ஒரு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு மையம் என்பது அங்கே ஒத்துவராது. பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு சட்டி என்று சின்னதாக இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். எஸ்டேட்டுக்குள் என்றால் மேலாளரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பூச்சிமருந்து டப்பாவைத் தண்ணீர் மொள்ள வைத்திருக்கிற வீடுகள் அங்கே உண்டு, பார்த்தால் ஒரு புது குவளை கொடுத்து அதை வாங்கி நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

முடிக்கும்போது

கடைசி நாள் எது என்று ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பள்ளி திறக்கும் தேதி சில வருஷம் வெயிலுக்காகத் தள்ளிப்போகும், அதற்காக மூன்று நாள் செலவைக் கையில் வைத்திருங்கள். போன வருஷம் எங்களிடம் அது இல்லை. அரிசி மட்டும் இருந்தது, தக்காளி சாதமாகவே ஓட்டினோம்.

வாடகைப் பாத்திரத்தை எண்ணிக் கொடுத்து, சமைத்த அக்காவுக்குக் கணக்கை முடித்துவிட்டு, அன்றைக்கே நான்கு பேரும் உட்கார்ந்து நோட்டில் என்னென்ன தப்பாயிற்று என்று எழுதிவிடுங்கள். பத்து நாள் கழித்து எழுதலாம் என்றால் எல்லாம் நன்றாகவே நடந்தது போலத் தோன்றும். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "டம்ளர் 6 காணோம். மோரில் உப்பு ஜாஸ்தி. முட்டை உரிக்க இன்னொரு ஆள் வேணும். 23-ஆம் வீட்டுச் சின்னப் பையனுக்குக் கத்திரிக்காய் ஆகாது. மார்ச் முதல் வாரமே அக்காவிடம் தேதி சொல்லணும்."